பன்னிரண்டு பதினாலு

தடைக்காலத்தின் ஒன்பதாம் நாள்.
படகு கரையேறிக் கிடக்கிறது,
நான் கட்டிலேறிக் கிடக்கிறேன்.
எமரென்சி காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள்:
கொல்லைக் குழாய். மோட்டார். மிக்ஸி.
வேன் சைலன்சர்.
பிறகு இரண்டு முறை அடிக்கோடிட்டு
கக்கூஸ் கதவு.

பதினாறு வருஷமாய் விசைப்படகு டிரைவர்.
லேலண்டு இஞ்சினை இருட்டில்
தடவித் தடவியே பிரித்து மாட்டுவேன்.
தங்கச்சிமடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்
கியர்பாக்ஸில் கை வைப்பார்கள்.
குழாய் வாசர் எம்மாத்திரம்?

திறந்தேன். உள்ளே வாசர் இல்லை.
வட்டமாய் வெட்டிய சைக்கிள் டியூப்,
அதைச் சுற்றி நரம்பு ஏழெட்டுச் சுற்று,
முனையைத் தீக்குச்சியில் உருக்கி ஒரு முடிச்சு.
கடலில் யாரும் போடாத முடிச்சு.
வெட்டித்தான் எடுக்க முடிந்தது.
சீனி உசேன் கடையில் வாங்கிய புது வாசரைப் போட்டேன்,
பெருமையாய்.

கக்கூஸ் கதவில் மேல்கீலை உப்புக்காற்று தின்றுவிட்டது.
அந்த இடத்தில் செருப்பு வார்,
நாலு திருகாணி, நாலும் நாலு ஜாதி.
கதவு மூடுகிறது. சத்தமே இல்லை.
இதில் நான் எதைச் சரிசெய்ய?

வேனுக்கு அடியில் படுத்தேன்.
கருவாடு ஏற்றி அவள் ராமநாதபுரம் ஓட்டும் பழைய ஆம்னி.
தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்த இடத்தில்
நசுக்கிய எண்ணெய் டின்,
அதில் பாதிச் சூரியகாந்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.
டின் வைப்பதற்கு முன்
பாம்பன் பாலம் வரும்போதெல்லாம்
ஜெனோவா அந்த ஓட்டையில் குனிந்து
கடல் தெரியுதா என்று பார்ப்பாளாம்.
தார்தான் தெரியுமாம்.
எனக்கு இது இன்றைக்குத்தான் தெரியும்.

'இதெல்லாம் எப்போ செஞ்ச?'
'நீங்க தூங்கும்போது.'
மணி கேட்டால் மணி சொல்வாளே,
அந்தக் குரல்.
ராத்திரி கடல், பகல் தூக்கம்.
நடுவில் ஒரு வீடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மோட்டாருக்கு வந்தேன்.
'ஸ்பேனர் இருந்தாத்தான் ஆகும்,
டூல் பை படகுல கிடக்கு' என்றேன்.
அவள் உப்பு ஜாடிக்குப் பின்னால் கைவிட்டு
ஒன்றை எடுத்து நீட்டினாள்.
பன்னிரண்டு பதினாலு.
பிடியில் அரத்தால் போட்ட மூன்று வெட்டு.
என் அடையாளம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
மணல்தீடைக்குப் பக்கத்தில் இஞ்சின் நின்றது.
நீரோட்டம் இழுக்கிறது,
பையில் இந்த ஸ்பேனர் இல்லை.
'எடுக்கலண்ணே' என்றான் ததேயு.
மறுபடி, 'எடுக்கலண்ணே.'
மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லவில்லை,
அதற்குள் நான் அறைந்திருந்தேன்.
பங்கில் முந்நூறு பிடித்தேன்.
அடுத்த வாரம் அவன் கொச்சிப் படகுக்குப் போய்விட்டான்.
திருட்டுக் கை என்று
நாலு பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

'அன்னைக்கு மோட்டார் நின்னுருச்சு,
பையில இருந்து எடுத்தேன்.
கேக்கணும்னா உங்கள எழுப்பணும்.
ரெண்டு நாள் தூங்காத கண்ணு.'
அவ்வளவுதான் அவள் சொன்னது.
ததேயு கதை அவளுக்குத் தெரியாது.
நான் அவளிடம் சொன்னதில்லை.

நட்டைக் கழற்றினேன். துருவைச் சுரண்டினேன்.
சீல் மாற்றி, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டதும்
இருமிவிட்டு ஓடியது மோட்டார்.
மேலே தொட்டி நிறைகிற சத்தம்.
எமரென்சி தாளில் ஒரு கோடு அடித்துவிட்டுப் போனாள்.

ஸ்பேனரைத் துடைத்தேன்.
படகுக்கு எடுத்துப் போக மனம் வரவில்லை.
ஜாடிக்குப் பின்னால் வைக்கவும் தோன்றவில்லை.
இடது கையில் அதை வைத்துக்கொண்டே
வலது கையால் போனில் தேடினேன்.
'ததேயு போட்' என்று இன்னும் இருக்கிறது.

அங்கே மணி அடிக்கிறது.
இங்கே கொல்லையில்
நான் போட்ட புது வாசர்
சொட்டுகிறது.